சுவரொட்டி சொல்லாத தாம்பத்தியம்

சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகும்வரை ரயில்கள் காத்துக்கிடக்கிற இடம் பேசின் பிரிட்ஜ். மூட்டை முடிச்சுகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிற்பவர்களுக்குப் படிக்கக் கிடைப்பது சுவரும் பெட்டியின் உட்புறமும்தான். மூலம், பௌத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி, சிறுத்துப்போதல், ‘ரகசியம் காக்கப்படும்’. கீழே ஒரு போன் நம்பர், மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜ் என்ற தகவல். வடசென்னையில் ஒரு பையனுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கிடைக்கும் முதல் பாடம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பாடம் செல்போனில் வரும் படம். இரண்டுமே அவனைப் பயமுறுத்துகின்றன.

இத்தனைக்கும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பால்வினை நோய்களுக்கென்றே அங்கே தனி நிலையம் இருக்கிறது. இந்தியாவில் அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் ஆர்.வி.ராஜம் பணியாற்றிய இடம் அது. இந்தப் பக்கம் ராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி மருத்துவமனை. இரண்டிலும் சிகிச்சைக்குக் காசு இல்லை. வெட்கம்தான் ஆளை லாட்ஜ் பக்கம் திருப்பிவிடுகிறது.

விந்து போனால் உயிர் போகுமா?

போஸ்டர் வைத்தியத்தின் மூலதனம் ஒரே நம்பிக்கை: விந்து என்பது ரத்தத்தின் சாறு, அது வீணானால் உடம்பு ஒடுங்கும். தூக்கத்தில் வெளியேறினால் நோய். சுய இன்பம் செய்தால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை. இந்தப் பயத்தால் வரும் சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை, ‘எனக்கு எழுச்சியே வராது’ என்ற கவலை ஆகியவற்றைச் சேர்த்து ‘தாது நோய்க்குறி’ என்று 1960-இல் பெயர் வைத்தார் இந்திய மனநல மருத்துவர் நரேந்திர விக். சோர்வு நிஜம். ஆனால் அதை உண்டாக்குவது பயம். விந்து இழப்பு அல்ல.

ஒரு தடவை வெளியேறுவது பொதுவாக 1.5 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் திரவம். விந்தணுக்களின் பங்கு மிகச் சொற்பம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்றாலும் உற்பத்தி நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. செலவாகாததை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கத்தில் வெளியேற்றும். சேர்த்து வைத்துப் பலம் பெறுகிற ஏற்பாடு எதுவும் உடம்பில் கிடையாது.

பெண்களிடம் இதே பயம் வெள்ளைப்படுதலாக வருகிறது. ‘எலும்பு உருகிப் போகுது’ என்று கிழவிகள் சொல்லிச் சொல்லி, மாதவிடாய்ச் சுழற்சிக்கேற்ப இயல்பாக வரும் கசிவைக்கூட நோயாக எண்ணி மெலிகிறவர்கள் உண்டு. அரிப்பு, கெட்ட வாடை, தயிர்போலத் திரிதல், நிற மாற்றம், அடிவயிற்று வலி இருந்தால்தான் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கும் மருந்து சுலபம்.

காமத்திறன் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. போஸ்டர் ஒட்டும் பசை இன்னும் காயவில்லை. லேகியம் என்று விற்பவற்றில் எழுச்சிக்கான சில்டெனாஃபில் மாத்திரையை ரகசியமாகக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கும் மோசடி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் தெரியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எழுச்சிக் குறைவு எதைக் காட்டுகிறது?

நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு எழுச்சி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு. ஆணுறுப்புக்குள் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4. அடைப்பு உடம்பெங்கும் ஒன்றுபோலத்தான் சேரும். சின்னக் குழாயில் முதலில் தெரியும், பெரிய குழாயில் சில வருஷம் கழித்து. எனவே இதை மாரடைப்புக்கு முன்னால் வரும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ‘ஆண்மை போச்சே’ என்று ஒளிந்துகொள்கிறவர் அந்த எச்சரிக்கையையும் சேர்த்து மறைக்கிறார்.

பீடி, சிகரெட் ரத்தக்குழாயைக் கெடுக்கும். குடி ஆசையைத் தூண்டுவதுபோல் தோன்றும், உறுப்பைச் செயலிழக்க வைக்கும். பிரஷர் மாத்திரை, மனநல மாத்திரை சிலவற்றாலும் இப்படி ஆகலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொன்னால் மாற்றித் தருவார். இருபதுகளில் இருப்பவருக்குத் தனியாக இருக்கும்போதும் விடியற்காலையிலும் எழுச்சி சரியாக வந்து, மனைவி பக்கத்தில் மட்டும் வராவிட்டால், காரணம் பெரும்பாலும் பதற்றம்தான். சீக்கிரம் முடிந்துவிடுவதற்கும் பயிற்சியும் மாத்திரையும் உண்டு.

பெண்ணுக்கு வலி இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது கடமையல்ல. தொற்று, பால் கொடுக்கும் காலத்து வறட்சி, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, பயத்தில் தசைகள் இறுகிப்போவது என்று வலிக்குக் காரணங்கள் பல, எல்லாவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமாவது உடம்பு ஆற விட வேண்டும். அப்புறமும் அவள் தயார் என்று சொன்ன பிறகுதான். இன்னொன்று, இதைச் சொல்ல யாரும் வாயெடுப்பதில்லை: நிறையப் பெண்களுக்குப் புணர்ச்சி மட்டுமே உச்சத்தைத் தருவதில்லை. அவர்களின் இன்ப உணர்வு பெரிதும் பெண்குறிக் காம்பை மையமாகக் கொண்டது. உடம்பு இளக நேரமும் தொடுதலும் பேச்சும் வேண்டும். செல்போன் படம் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்.

ஒற்றை அறையில் ஆறு பேர்

மருத்துவப் புத்தகங்கள் தனி அறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. வியாசர்பாடி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பழைய வீடுகள் பலவும் 250 சதுர அடியைத் தாண்டாதவை. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது கூரைதான் அவசரம்; புருஷன் பெண்டாட்டிக்குக் கதவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மாமியார், வயசுக்கு வந்த பெண், பரீட்சைக்குப் படிக்கிற பையன் எல்லாரும் ஒரே தரையில். விளக்கை அணைத்து, மூச்சை அடக்கி, அவசர அவசரமாக முடிப்பதே பழக்கமாகிவிடுகிறது. பிறகு அதையே ‘சீக்கிரம் முடிஞ்சிடுது டாக்டர்’ என்று நோயாகச் சொல்ல வேண்டியதாகிறது.

நேரமும் எதிரிதான். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஆலைகளில் ஷிப்ட் வேலை. துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்குள்ளேயே டிரைவருக்கு நாள் போகும். காசிமேட்டு விசைப்படகு கிளம்பினால் பல நாள் கடலில். திரும்பி வருகிறவருக்கு இத்தனை நாள் பசி; வீட்டில் இருப்பவளுக்கு இத்தனை நாள் தண்ணீர்க் குடமும் பிள்ளைகளும் வட்டிக்காரரும் தந்த அசதி. இருவர் பேரிலும் தப்பில்லை. வந்த ராத்திரியே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் சண்டை தொடங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பகல் பொழுதைத் தமக்கென வைத்துக்கொள்ளும் தம்பதிகள் இருக்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

‘இன்னிக்கு வோணாம்யா, உடம்பு முடியல’ என்று அவள் சொன்னால், ‘சரி, படு’ என்பதுதான் பதில். இது ஒன்று கைவந்தால் பாதி வீடுகளில் மருந்தே தேவைப்படாது என்பது என் எண்ணம். குடித்துவிட்டு வந்து வற்புறுத்துவது, மறுத்தால் ‘எவனை நினைச்சிட்டு இருக்கே’ என்பது, அடிப்பது எல்லாமே வன்முறை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் சேர்த்தே சொல்கிறது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம். மனைவிக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அவளுடன் உறவு கொள்வது பாலியல் வல்லுறவு என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புள்ளிராஜாவுக்குப் பிறகு

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை ‘நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது’ என்பதே அதிகாரபூர்வ நம்பிக்கைபோல இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஊரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று பலகைகள் முளைத்தன. அது வெற்றிகரமான விளம்பரம். டீக்கடையில் ஆணுறையைப் பற்றிப் பேச வைத்தது. ஆனால் நோயைக் கேலிப்பெயராக்கியும் விட்டது. வேறு யாரையும் அறியாத எத்தனையோ மனைவிகளுக்குக் கணவன் மூலமே தொற்று வந்தது என்ற சேதி அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போனது.

இன்றைய நிலைமை வேறு. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடர்ந்து சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. பாதுகாப்பில்லாத உறவோ பலாத்காரமோ நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், புண், எரிச்சல், சீழ் போன்றவற்றுக்கு சுக வாழ்வு மையம். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும், இல்லாவிட்டால் மாற்றி மாற்றித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

கருத்தடை யார் வேலை?

1950-களின் பின்பகுதியில் ஆண்களின் கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்து முன்னோடியாக நின்றது மதராஸ் மாநிலம். இன்று இங்கே ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் ஏறத்தாழ எல்லாருமே பெண்கள். கத்தியில்லா வாசக்டமி சில நிமிடங்களில் முடிகிறது; எழுச்சியோ ஆசையோ குறையாது, விந்தின் அளவும் பார்வைக்கு அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும், அவ்வளவுதான். பளு தூக்க முடியாது என்று ஹார்பர் தொழிலாளிகள் பயப்படுகிறார்கள். சில நாள் ஓய்வெடுத்தால் பழையபடி தூக்கலாம்.

எல்லார் ஆசையும் ஒரே திசையில் இல்லை

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவது நோயல்ல. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2021-இல், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு மதுரைப் பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் போய்த் தெரிந்துகொண்டு வந்தார். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்கு அந்தத் தீர்ப்பு தடை போட்டது. பிள்ளை வந்து சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். கட்டாயக் கல்யாணம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கும்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

பெரிய ஆஸ்பத்திரியில் எந்த ஓ.பி. என்று தெரியவில்லையா? எழுச்சி, வலி, விந்து தொடர்பானதற்கு சிறுநீரியல் (யூராலஜி). பெண்களுக்கு மகப்பேறு மகளிர் பிரிவு. புண், கசிவு என்றால் பால்வினை நோய்ப் பிரிவு. பயமும் தூக்கமின்மையும் என்றால் மனநலப் பிரிவு. சீட்டுப் போடும் இடத்தில் விவரம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘டாக்டர்கிட்டதான் சொல்லணும்’ என்றால் போதும். போனில் கேட்க 104, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, மனச்சுமைக்கு 14416. போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாக, தினமுமா எப்போதாவதா, குடி உண்டா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். துணை கூட வந்தால் நல்லது, வராவிட்டாலும் போங்கள்.