பெட்டியின் மேல் அச்சிட்ட ஹெர்ட்ஸ்: போட்டி விளையாட்டு மானிட்டர் வாங்குவோர் இழக்கும் உரிமைகள்

போட்டிக் கணினி விளையாட்டுகளுக்கென 144, 180, 240 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மானிட்டர்களை வாங்குவோரிடம் இரண்டு தவறுகள் ஓயாமல் காணப்படுகின்றன. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய திரையை 60 ஹெர்ட்ஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் பொருள் சரியில்லை என்று குறைசொல்வது முதலாவது. திரையில் உண்மையாகவே குறை இருந்தும், பெட்டியைப் பழைய பொருட்காரருக்குப் போட்டு, பில்லைத் தொலைத்து, சேவை மையத்தோடு வாய்ப்பேச்சிலேயே நாட்களைக் கடத்திக் கையில் ஓர் ஆதாரமும் இல்லாமல் நிற்பது இரண்டாவது. முதல் தவறு பயனைக் கெடுக்கிறது. இரண்டாவது, சட்டம் தெளிவாகக் கொடுத்திருக்கும் உரிமையையே கெடுக்கிறது. இரண்டையும் வாங்கிய முதல் வாரத்திலேயே தவிர்த்துவிடலாம் என்பதால்தான் அவற்றைப் பொறுத்துக்கொள்வது கடினமாகிறது.

புதுப்பிப்பு வீதம் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதிய படத்தை வரைகிறது என்பதன் அளவு. அதைக் குறிக்கும் அலகே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகவும், 240 ஹெர்ட்ஸில் 4.2 ஆகவும், 360 ஹெர்ட்ஸில் 2.8 ஆகவும் குறைகிறது. ஆகவே 60 இலிருந்து 144 க்கு மாறுபவர் ஏறக்குறைய 10 மில்லி நொடியை மிச்சப்படுத்துகிறார். 240 இலிருந்து 360 க்கு மாறுபவருக்குக் கிடைப்பதோ ஒன்றரை மில்லி நொடிக்கும் குறைவு. வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் முதல் மாற்றம் எவருடைய கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது மாற்றத்திற்குக் கொடுக்கும் பணம், கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு அத்தனை படங்களைத் தயாரித்துத் தராதவரை, வீண்செலவே. நொடிக்கு 90 படம் மட்டும் தரும் கணினியோடு 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்துவிட்டுத் திரையைப் பழிப்பதில் நியாயமில்லை.

ஹெர்ட்ஸுக்கு அடுத்தபடியாக வாங்குவோரை ஏமாற்றும் எண் '1 மில்லி நொடி' என்பது. ஒரு படப்புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொரு சாம்பல் நிறத்திற்கு மாற எடுக்கும் நேரம் ஒன்று. நகரும் உருவம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் மங்கலாகத் தெரிகிறது என்னும் அளவு வேறொன்று. முன்னதை ஜிடிஜி என்றும் பின்னதை எம்பிஆர்டி என்றும் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னுள்ள ஒளிவிளக்கை விட்டுவிட்டு எரியவைத்தால் எம்பிஆர்டி எண் தானாகக் குறையும். ஆனால் அந்த வசதியை இயக்கினால் திரையின் வெளிச்சமும் குறையும், பல மானிட்டர்களில் படக்கிழிசலைத் தடுக்கும் மாறும் புதுப்பிப்பு வீத வசதியும் அப்போது வேலை செய்யாது. பெட்டியில் பெரிதாக '1 மில்லி நொடி' என்று அச்சிட்டு, அது எந்த அளவு என்பதைக் குறிப்பிடாமலோ கண்ணுக்கு எட்டாத எழுத்தில் குறிப்பிட்டோ விற்பது வாடிக்கையாகிவிட்டது. இந்தக் குழப்பத்தைக் களையவே, திரைத் தரநிலைகளை வகுக்கும் வெசா என்னும் அமைப்பு 2022 இல் கிளியர்எம்ஆர் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. அந்த முத்திரையும் அதோடு வரும் எண்ணும் இருந்தால் விற்பனையாளரின் சொல்லை நம்பத் தேவையில்லை. முத்திரை இல்லாத இடத்தில் திரைவகையைக் கேட்டறிவது நல்லது: விஏ வகைத் திரைகளில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், இருண்ட காட்சிகளின்போது உருவத்தின் பின்னால் கறுப்புத் தடம் இழுபடுவதுண்டு, ஐபிஎஸ் வகையில் இது குறைவு, ஓஎல்இடி வகை வேகத்தில் முதன்மையானது எனினும் அசையாத உருவங்கள் நிரந்தரத் தடமாகப் பதியும் அபாயம் அதற்குண்டு. அந்தத் தடப்பதிவு உத்தரவாதத்திற்குள் அடங்குகிறதா என்பதை, வாங்கும் முன்பே, எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இணைப்பு முனையைப் பற்றிய ஏமாற்றம் இதைவிட நுணுக்கமானது. 'எச்டிஎம்ஐ 2.1' என்ற சொல்லைக் கண்டதும் எல்லா வேகமும் கிடைக்கும் என்று நினைப்பது தவறு, பழைய 2.0 பதிப்பின் திறனை மட்டும் கொண்ட கருவியையும் 2.1 என்ற பெயரில் விற்க அந்தத் தரநிலையின் விதிகளே இடமளிக்கின்றன. ஒரே மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் முனையில் 180 ஹெர்ட்ஸும் எச்டிஎம்ஐ முனையில் 144 ஹெர்ட்ஸும் கிடைப்பது சாதாரணம். எனவே பதிப்பு எண்ணைக் கேட்பதை விட்டு, 'எந்த முனையில், எந்தத் தெளிவுத்திறனில், எத்தனை ஹெர்ட்ஸ்' என்று கேட்டு, அதற்கான பதிலை விவரப்பட்டியலில் காட்டச் சொல்ல வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓசி' என்ற இரண்டெழுத்து இருந்தால், அந்த வேகம் திரையின் இயல்பான வேகம் அன்று, மானிட்டரின் மெனுவில் சென்று கூட்டிப் பெறும் வேகம் என்று பொருள்.

பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பக்கவாட்டையும் படிப்பது அவசியம். இந்தியாவில் விற்கப்படும் மானிட்டர்கள், 32 அங்குலத்திற்கு மேற்பட்டவையும் உட்பட்டவையும், இந்தியத் தர நிறுவனமாகிய பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுத் திட்டத்திற்குள் வருகின்றன. 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டுப் பார்த்தால் தயாரிப்பாளரின் பெயர் தெரிந்துவிடும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச விற்பனை விலை, புகார் தொடர்பு எண் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின் கட்டளை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் இணையத்தின் தள்ளுபடித் திருவிழாவாக இருந்தாலும், இவ்விவரங்கள் இல்லாத பெட்டியை 'கம்பெனி வாரண்டி உண்டு' என்ற வாய்ச்சொல்லை நம்பி எடுத்துச் செல்பவர், பின்னால் யார் மீது புகார் கொடுப்பது என்பதே தெரியாமல் திண்டாடுவார்.

பொருள் வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனைகளை ஒத்திப்போடக் கூடாது. பெட்டியின் முகவரிச் சீட்டு, வரிசை எண் ஆகியவை தெரியும்படி தொடங்கி, உறை கிழிப்பது முதல் திரை எரிவது வரை இடையில் நிறுத்தாத ஒரே காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு கேபிளைக் கணினியின் தாய்ப்பலகை முனையில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டின் முனையில் செருகி, விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்று, புதுப்பிப்பு வீதத்தைக் கையால் உயர்த்த வேண்டும். விண்டோஸ் பெரும்பாலும் அதைத் தானாகச் செய்வதில்லை. 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று கொதிப்பவர்களில் பலருடைய சிக்கல் இந்த ஓர் அமைப்போடு தீர்ந்துவிடுவதாலேயே, உண்மையான குறையோடு வருபவரையும் சேவை மையங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அமைப்பைச் சரிசெய்த பின்னரும் ஐயம் இருந்தால், டெஸ்ட்யூஎஃப்ஓ என்னும் இணையதளத்தின் படத்தவிர்ப்புச் சோதனையை இயக்கி, கைப்பேசிக் கேமராவின் ஷட்டரைப் பத்தில் ஒரு நொடி அளவுக்கு மெதுவாக்கிப் படமெடுக்கலாம். வரிசையாகத் தெரிய வேண்டிய கட்டங்களுக்கிடையில் இடைவெளி விழுந்திருந்தால், மானிட்டர் சொன்ன வேகத்தில் இயங்குவதுபோல் காட்டிவிட்டு இடையில் படங்களை விழுங்குகிறது என்று பொருள். அந்தப் படத்தைவிட வலிமையான ஆதாரம் வாங்கியவரிடம் வேறொன்று இருக்க முடியாது.

எரியாத, அல்லது எப்போதும் எரியும் படப்புள்ளிகளைப் பற்றிய சண்டைகளில் வாங்குவோர் தோற்பதற்குக் காரணம் உண்டு. ஐஎஸ்ஓ 9241-307 என்ற பன்னாட்டுத் தரநிலை திரைகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரிபவை இரண்டும் எரியாதவை இரண்டும் அனுமதிக்கப்படுகின்றன. 1920க்கு 1080 என்ற திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் இருப்பதால், ஒவ்வொரு வகையிலும் நான்கு புள்ளிகள் வரை கெட்டிருந்தாலும் தயாரிப்பாளர் கை விரித்துவிடலாம். நேரில் வாங்குபவர் இதனாலேயே கடையிலேயே திரையை எரியவைத்து, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் பின்னணிகளில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

குறை உறுதியானதும் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும். தொலைபேசியில் எத்தனை மணிநேரம் பேசினாலும் அது மின்னஞ்சலாக மாறாதவரை நடக்காததற்குச் சமம். வீட்டுக்கு வரும் சேவை ஊழியர், வேலை முடியும் முன்பே, 'சார், ஓடிபி மட்டும் சொல்லிடுங்க' என்று கேட்பது வழக்கம். அந்த எண்ணைச் சொன்ன கணமே நிறுவனத்தின் பதிவேட்டில் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படுகிறது. மானிட்டர் சரியாகி, வேலைச்சீட்டில் என்ன செய்யப்பட்டது என்று எழுதிக் கையில் கொடுக்கும்வரை ஓடிபி சொல்லக் கூடாது. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிய சீட்டில் கையெழுத்துக் கேட்டால், 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று அதிலேயே எழுதி ஒப்பமிட்டுப் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் வாங்கியோர், ஏழு நாள் திருப்பும் காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று தாமாகவே ஒதுங்கிவிடுகின்றனர். அந்த ஏழு நாள் நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. சட்டத்தின் கெடு அன்று. 2020 ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணிநேரத்திற்குள் ஒப்புதல் தரவும், ஒரு மாதத்திற்குள் தீர்வு தரவும் அதே விதிகள் கட்டளையிடுகின்றன. அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டைப்பெட்டியில் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட அந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் மேல். விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து அதில் இணைக்க வேண்டும். தகராறு தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்தின் எண்கள் மாறிவிடுவதும் உண்டு.

அடுத்தபடி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915. பல தகராறுகள் இங்கேயே முடிகின்றன. ஆனால் இது சமரச முயற்சி மட்டுமே. யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் இதற்கில்லை. இங்கே புகார் நிலுவையில் இருப்பதால் வழக்கின் காலக்கெடு நிற்பதில்லை என்பதை மறந்து, பதிலுக்குக் காத்திருந்தே காலத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன் 69 ஆம் பிரிவு சொல்லும் அந்த எல்லையே எல்லை.

வழக்கு என்றதும் பின்வாங்கத் தேவையில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பொருளை விற்ற நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 34 ஆம் பிரிவு வழிசெய்கிறது. இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். புகார் மனு, தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம், பில், உத்தரவாத அட்டை, மின்னஞ்சல்கள், வேலைச்சீட்டு, படங்கள் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். காணொளிக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் 63(4) ஆம் பிரிவுப்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால், எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபணை அங்கேயே அடங்கிவிடும். விற்றவர், இணையச் சந்தை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் ஆகிய அனைவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் விடுபட்டவர் மீதே பழியைப் போடுவார்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு பில் வழக்கைக் கவிழ்த்துவிடக்கூடும். உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில், தந்தையின் அல்லது உறவினரின் கடை ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு மானிட்டர் வாங்குவது பரவியிருக்கிறது. வணிக நோக்கத்திற்காக வாங்குபவர் 2(7) ஆம் பிரிவின்படி நுகர்வோர் அல்லர். சுயதொழிலில் தம் பிழைப்புக்காகவே பயன்படுத்துவோருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மகன் விளையாட வாங்கிய திரைக்குக் கடைப்பெயரில் பில் இருந்தால், நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்துவைக்கும் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும். பில் விளையாடுபவரின் பெயரில் அல்லது வீட்டாரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். கடைப் பெயரில் கூடவே கூடாது.

பொருளைச் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்னும் நிலையில், ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்திற்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாட்கள், கட்டணத்தை முதலில் செலுத்துபவர் புகார்தாரர். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களிலும் தேவைப்படாததை மூன்று மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த வரம்பு பல இடங்களில் காற்றில் விடப்படுவதற்கு, காலியிடங்களை நிரப்பாத அரசுகளே பதில் சொல்ல வேண்டும். வழக்கு முடியும்வரை அந்த மானிட்டரை வெளியாரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கவோ விற்கவோ கூடாது. முத்திரை உடைந்த பொருளைச் சோதிப்பதில் பயனில்லை. தீர்ப்பு சாதகமாகி, கெடுவுக்குள் பணம் வராவிட்டால், அதே ஆணையத்தில் 71, 72 ஆம் பிரிவுகளின்கீழ் நிறைவேற்று மனு கொடுக்கலாம். 72 ஆம் பிரிவு, உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.