பக்கத்துக் கிராமமும் பரந்த உலகும்

"கொழுந்து பறிக்கிறவர் பிள்ளைக்கு ஈரான் எங்கே இருந்தால் என்ன, ஆபிரிக்கா எங்கே இருந்தால் என்ன? கணக்கும் எழுத்தும் வந்தால் போதாதா?" பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளில் பெற்றோரைச் சந்திக்கும்போது இக்கேள்வி எம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. மண்சரிவினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, புதிய இடங்களில் வாழ்வைத் தொடங்கும் குடும்பங்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாளைய அரிசிக்கு வழி தேடுபவருக்கு உலகப்படம் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் நாம் தரும் விடை இதுதான்: உலகத்தை அறியாத பிள்ளை, தன் வீட்டில் நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினம்.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். இம்மலைகளில் முதலில் பயிரானது கோப்பி. 1869 இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அதை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 2021 டிசெம்பரில், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென இலங்கை உடன்பட்டது. ஆகவே ஈரானியர் வீட்டில் தேநீர் கொதிப்பதற்கும் நம் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் தொடர்பு உண்டு. ஊவாவில் பறித்த கொழுந்து எந்த நாட்டுக்குப் போகிறது, விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று வகுப்பறையில் கேட்டால், அதுவே புவியியல், அதுவே வணிகம், அதுவே கணக்கு.

நம் மூதாதையரைப் பற்றியும் இவ்வாறே கேட்கலாம். கடன், பஞ்சம், சாதிக் கொடுமை ஆகியவற்றால் தமிழகத்தை விட்டு வந்தவர்கள் இலங்கைக்கு மட்டும் வரவில்லை. மொரீசியஸ், மலாயா, பீஜி ஆகிய நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1860 இல் மதராசிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. இதை அறியும் பிள்ளை, "நாம் மட்டும்தான் இப்படி" என்று மனம் குன்றாது.

இனி, சற்றுக் கடினமான பாடத்துக்கு வருவோம். தோட்டத்தை அடுத்துள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளை, "எங்கள் காணியைத் தோட்டத்தார் பிடித்துக்கொண்டார்கள்" என்று கேட்டு வளர்கிறது. தோட்டத்துப் பிள்ளையோ, "நாங்கள் காட்டை வெட்டி நாடாக்கினோம், எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள்" என்று கேட்டு வளர்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மையே. 1817 இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடூரமாக அடக்கினார்கள். 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதியில்லாத நிலமெல்லாம் அரசுக்கே உரியதென்றது. காணியை எடுத்தது அச்சட்டம். கூலிக்கு வந்த தொழிலாளிக்கு அதில் ஒரு பிடி மண்ணும் கிடைக்கவில்லை. அதேபோல், 1948 இன் குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964 இன் ஒப்பந்தமும் அயற்கிராமத்து விவசாயி எழுதியவை அல்ல. இவ்விரு வரலாறுகளையும் ஒரே வகுப்பில் இரு தரப்புப் பிள்ளைகளும் படித்தால் என்ன குறைந்துவிடும்? படிக்காமல் விட்டதன் விலையை நாம் அறிவோம். 1977 இலும் 1983 இலும் லயங்கள் எரிந்தபோது, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓட நேர்ந்தது.

பல்வேறு பண்பாடுகளைக் கற்பிக்க நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. பதுளையில் முத்தியங்கனை விகாரை இருக்கிறது. மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வேடர் சமூகம் வாழ்கிறது. நம் மாகாணத்துக் கதிர்காமத்தில் இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள், வேடர்கள் அனைவரும் தத்தம் முறைப்படி வழிபடுகிறார்கள். ஓர் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் எங்கே கிடைக்கும்?

உலக அறிவு உயிர் காக்கும் அறிவும் ஆகும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களுள் சிலர் பெற்றோரை இழந்தார்கள். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மரம் அழிந்த சரிவில் கடும் மழை என்ன செய்யும் என்பதை நேபாளத்திலும் கேரளத்திலும் நடந்தவற்றோடு சேர்த்துக் கற்ற பிள்ளை, சுவரில் வெடிப்பைக் கண்டதும் பெரியவர்களை எழுப்பும்.

அன்பான பெற்றோரே, உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. முதலாவது, மொழி. 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே கடிதத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளை சிங்களமும் கற்பது அதன் பலம். இரண்டாம் மொழிக்கு ஆசிரியர் இல்லையெனில், பெற்றோர் சேர்ந்து அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பாட்டியையும் தாத்தாவையும் வகுப்பறைக்கு அனுப்ப முன்வாருங்கள். பிரட்டுக்களத்தின் கதையும் ஊர்விட்டு ஊர் வந்த கதையும் அவர்களிடமே உள்ளன. மூன்றாவது, அயற் சிங்களப் பாடசாலையோடு ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட்டுச் சிரமதானமோ விளையாட்டுப் போட்டியோ நடத்தும்படி அதிபரைத் தூண்டுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் புதிய அயலவர் யாரென்று தெரியாது. அயலவருக்கும் உங்களைத் தெரியாது. அந்த வேலியில் முதல் கடவையைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. அவர்கள் கையில் ஒரு உலகப்படத்தையும், நாவில் இரண்டு மொழிகளையும் கொடுத்து அனுப்புவோம்.