கோவையிலிருந்து முதுமலை: ஒரே நாளில் போய்வர முடியுமா? ஸ்ப்ரெட்ஷீட்டைக் கேளுங்கள்

மொபைலில் மேப்பைத் திறந்து 'தெப்பக்காடு' என்று டைப் செய்கிறீர்கள். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று நீலக் கோடு போட்டுக் காட்டுகிறது. 'அவ்வளவுதானா? காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாமே' என்று ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு பேரைச் சேர்த்துவிடுகிறீர்கள். என் ஆபீசில் மாதம் ஒரு முறையாவது இப்படி ஒரு திட்டம் உருவாகும்.

மேப் சொல்வது பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்கிறது. 'இப்போது கிளம்பினால் எப்போது போய்ச் சேருவேன்?' என்பதுதான் அந்தக் கேள்வி. காட்டுக்குப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: 'இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டுமென்றால் காட்டில் எத்தனை மணி நேரம் இருக்கலாம்? அதற்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?' இதற்குப் பதில், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸெலில் இருக்கிறது. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வரி. நீலகிரி மாவட்டத்தில், கர்நாடகத்தின் பந்திப்பூரையும் கேரளத்தின் வயநாட்டையும் ஒட்டி இருக்கிறது முதுமலை. 1940-இல் சரணாலயமானது, பிறகு அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது, 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் வேன் சவாரியும் யானைகள் முகாமும் மாயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காட்டில் இருக்கின்றன.

மேப்புக்குத் தெரியாத விஷயங்கள்

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் சுமார் 67 கிலோமீட்டர். தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி, மசினகுடி வழியாகப் போனால் சுமார் 36 கிலோமீட்டர். பாதி தூரம்தான்! மேப்பில் பார்க்கிற எல்லோருக்கும் கை தானாக இரண்டாவது வழிக்குத்தான் போகும்.

ஆனால் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிக அதிகம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். 2018-இல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் இங்கே பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதன்பிறகு வெளி மாவட்ட வண்டிகளைக் கல்லட்டியில் இறங்க விடுவதில்லை. தலைகுந்தாவிலேயே போலீசார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மசினகுடியிலிருந்து மேலே ஏறுவதற்குத்தான் அனுமதி. ஆக, உங்களுக்குப் போகிற தூரமும் வருகிற தூரமும் வேறு வேறு. 'போக எவ்வளவோ, அதை இரண்டால் பெருக்கு' என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது ராத்திரி. கூடலூர் - மைசூர் சாலையில் காட்டுக்குள் வரும் பகுதியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விடமாட்டார்கள். பந்திப்பூர் பக்கம் இந்தத் தடை 2009-இல் வந்தது. யானையும் மானும் அடிபட்டுச் சாவதைத் தடுக்கத்தான் இது. 'கொஞ்சம் முன்னாடியே போய் நிற்கலாம்' என்று நள்ளிரவில் கிளம்பினாலும் தொரப்பள்ளி செக்போஸ்ட்டில் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கோடை சீசனில் இன்னொன்றும் சேரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் போக்குவரத்தாக மாற்றிவிடுவார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் குன்னூர் வழி 51 கிலோமீட்டர் என்றால், கோத்தகிரி வழி 63 கிலோமீட்டர்.

ஷீட் தயாரிப்போம்

புதிய ஷீட்டில் ஐந்து காலங்கள் போதும்: இடம், தூரம், வேகம், நிற்கும் நிமிடம், நேரம். மலைப்பாதைக்கு வேகம் 25 என்று போடுங்கள். உங்கள் கார் 60-இல் போகும் என்பது எனக்கும் தெரியும். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார் அப்படிப் போகாது. சமவெளிக்கு 36. கல்லட்டி ஏற்றத்துக்கு 20.

கோவை - மேட்டுப்பாளையம் 36 கி.மீ.: 1 மணி
மேட்டுப்பாளையம் - குன்னூர் 33 கி.மீ.: 1 மணி 19 நிமிடம்
குன்னூர் - ஊட்டி 18 கி.மீ.: 43 நிமிடம்
ஊட்டி - கூடலூர் 50 கி.மீ.: 2 மணி
கூடலூர் - தெப்பக்காடு 17 கி.மீ.: 41 நிமிடம்

மொத்தம் 154 கிலோமீட்டர், 5 மணி 43 நிமிடம். டிபனுக்கு 30 நிமிடம், செக்போஸ்ட்டுக்கு 20 நிமிடம் சேர்த்தால் 6 மணி 33 நிமிடம்.

இங்கே ஒரு சின்ன நுட்பம். எக்ஸெலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. எனவே தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் மணியை மறுபடி 24-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்தை 1440-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 14:30 போன்ற நேரத்திலிருந்து நேரடியாகக் கழிக்க முடியும். நேரக் காலத்தை செலக்ட் செய்து, ஃபார்மட் செல்ஸ் போய், டைம் என்று மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 0.6042 என்று ஏதோ ஒரு தசம எண் வந்து பயமுறுத்தும்.

இனி முக்கியமான வேலை. மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு வராதீர்கள். மாறாத நேரங்களை முதலில் கையால் டைப் செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டு போங்கள். மாறாத நேரங்கள் இரண்டுதான். ஒன்று, வேன் சவாரி. மற்றொன்று, வெளிச்சம்.

கல்லட்டியை ஏறி முடித்து ஊட்டியை மாலை 6 மணிக்குள் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் இந்தப் பகுதியில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் இன்னும் முக்கால் மணி நேரம் போல வெளிச்சம் கிடைக்கும், மழையும் மூடுபனியும் விட்டால். 6 மணியிலிருந்து 36 கிலோமீட்டரை 20 வேகத்தில் கழித்தால் 4.12. அதாவது தெப்பக்காட்டிலிருந்து 4.12-க்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும்.

சவாரி 2.30 மணிக்குக் கிடைத்தது என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். (உண்மையான நேரத்தையும், அன்றைக்குச் சவாரி உண்டா என்பதையும் காப்பகத்தின் இணையதளத்தில் பாருங்கள். கோடையில் காட்டுத் தீ அபாயம் இருந்தால் நிறுத்திவைப்பதுண்டு.) சவாரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 3.30-க்கு முடியும். 4.12-க்கு இன்னும் 42 நிமிடம் கையிருப்பு. அரை மணி முன்னதாக வந்து நிற்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஆக 1 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதிலிருந்து 6 மணி 33 நிமிடத்தைக் கழித்தால் காலை 6.27. மலைப்பகுதிக்கு மட்டும் நான்கில் ஒரு பங்கு தாமதம், அதாவது 71 நிமிடம், கழித்தால் 5.16. காலை ஐந்தேகாலுக்குக் கோவையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

'மத்தியானம் மிருகம் தெரியாது, காலை 6.30 சவாரிதான் வேண்டும்' என்கிறவர்கள் அந்த நேரத்தை டைப் செய்து பாருங்கள். எக்ஸெலில் கிளம்பும் நேரத்துக்கான கட்டத்தில் ##### என்று வரும். காலம் அகலம் போதவில்லை என்று நினைத்து இழுத்துப் பெரிதாக்காதீர்கள்; அப்போதும் அதேதான் வரும். நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். தமிழில் சொன்னால், முந்தைய நாளே கிளம்பியிருக்க வேண்டும்.

யானைகள் முகாமுக்கும் இதே கதிதான். தெப்பக்காட்டில் படமாக்கப்பட்ட 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, யானைக்கு உணவு கொடுப்பதைப் பார்க்காமல் வரக்கூடாது என்று வீட்டுக் குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அது காலையிலும் மாலையிலும் நடப்பது. மேலே போட்ட கணக்கில் இரண்டுமே அடங்காது. போகிற வழியில் ஊட்டி பொட்டானிக்கல் கார்டனும் அடங்காது. ஒரு வரி சேர்த்து 60 நிமிடம் போட்டுப் பாருங்கள், கிளம்பும் நேரம் எங்கே போகிறது என்று தெரியும். எதை விட வேண்டும் என்று காரில் உட்கார்ந்து சண்டை போடுவதைவிட வீட்டில் கம்ப்யூட்டர் முன் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டீயரிங் பிடிப்பவர் கணக்கு

இன்னும் ஒரு கூட்டல் பாக்கி. திரும்பும்போது கல்லட்டி ஏற்றம் 1 மணி 48 நிமிடம். கோத்தகிரி வழி இறக்கம் 2 மணி 31 நிமிடம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை 1 மணி. ஊட்டியில் டீ, டிபனுக்கு அரை மணி. வீட்டை அடையும்போது இரவு 10 மணி.

போகும்போது 5 மணி 43 நிமிடம், வரும்போது 5 மணி 19 நிமிடம். ஒரு நாளில் 11 மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அதில் 9 மணி நேரம் மலைப்பாதை. தெப்பக்காட்டில் இருக்கப்போவதோ சாப்பாட்டையும் சேர்த்து 3 மணி 12 நிமிடம். கல்லட்டி ஏதாவது காரணத்தால் மூடியிருந்து கூடலூர் வழியாகவே திரும்ப நேர்ந்தால் இன்னும் 53 நிமிடம் கூடும்.

கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் இந்தப் பயணத்தை ஒரே நாளில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. கோத்தகிரி இறக்கத்தில் இரவு எட்டு மணிக்கு வண்டி ஓட்டுகிறவர் அதிகாலை நாலரைக்கு எழுந்தவர். மற்றவர்கள் பின் சீட்டில் தூங்கிவிடுவார்கள், அவர் தூங்கக்கூடாது. இரண்டு பேர் மாற்றி ஓட்டலாம், அல்லது கூடலூரிலோ மசினகுடியிலோ ஓர் இரவு தங்கலாம். தங்கினால் மேலே ##### காட்டிய காலைச் சவாரியும் கிடைக்கும், யானை முகாமும் கிடைக்கும்.

இ-பாஸும் மொபைலும்

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இப்படி விதிகள் சீசனுக்கு சீசன் மாறுவதால் தேதியை முடிவு செய்ததும் முதல் வேலையாக அரசின் இ-பாஸ் தளத்தைப் பாருங்கள். வண்டி எண், வருகிறவர்களின் எண்ணிக்கை, தேதி, மொபைல் எண் எல்லாம் கேட்கும். கட்டணம் இல்லை. 'பாஸ் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம்.

வந்த பாஸை மொபைலில் படமாகச் சேமித்து, ஒரு பிரிண்ட்டும் எடுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது; மெயிலைத் திறந்து காட்டுகிறேன் என்றால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். யுபிஐக்கும் அதே கதை. பர்ஸில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் கோவையிலிருந்து மசினகுடி வரை கட்டத்துக்குள் வரும்படி இழுத்து, வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாமல் எப்படி வழி காட்டும் என்று சந்தேகம் வரலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக வருவது, செல்போன் டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டவர் இல்லாவிட்டால் முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் தொரப்பள்ளியைத் தாண்டியதும் ஏரோப்ளேன் மோடில் போடலாம். இன்றைய போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் ஆஃப்லைனில் நெரிசல் தெரியாது.

தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரை சாலையோரத்திலேயே புள்ளிமான், மயில், அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் தென்படும். போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் கூடாது, அபராதம் போடுவார்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர் கேமராவைத் தயாராக வைத்திருக்கட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தயாரான ஷீட்டை ஒரு பக்கத்தில் அடங்கும்படி பிரிண்ட் எடுத்து, ஒன்றை டாஷ்போர்டில் வையுங்கள், மற்றொன்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். லைவ் லொகேஷன் அனுப்பியிருந்தாலும் காட்டுக்குள் போனதும் அது நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் பதறிப்போவார். '1 மணி முதல் 6 மணி வரை போன் கிடைக்காமல் போகலாம், ஊட்டி வந்ததும் கூப்பிடுவோம், 7.30 வரை கூப்பிடவில்லை என்றால் விசாரியுங்கள்' என்று அந்தப் பிரிண்ட்டின் அடியில் பேனாவால் எழுதிவிடுங்கள்.