ரெபேக்காவும் சுங்கவாயில்களும்

விக்டோரியா மகாராணியின் காலம் என்றதும் என் நினைவுக்கு வருவன புகையிரதமும் தொழிற்சாலைகளுமே. அதே காலத்தில், தென்மேற்கு வேல்ஸ் விவசாயிகள் முகத்தில் கரி பூசி, பெண்ணுடை அணிந்து, இரவோடிரவாக வீதிச் சுங்கவாயில்களை உடைத்தெறிந்தனர் என்பதை வாசித்தபோது வியப்படைந்தேன். தலைமை தாங்குபவர் யாராயினும் அவர் பெயர் "ரெபேக்கா"தான். இஸ்ஹாக் நபியின் மனைவியாகப் பைபிள் குறிப்பிடும் பெண்ணின் பெயர் அது. அவரது சந்ததியினர் பகைவரின் வாயில்களைக் கைப்பற்றட்டும் என அங்கு வரும் வாழ்த்தே இதற்குக் காரணம் என்பர்.

அப்பகுதி மண்ணுக்குச் சுண்ணாம்பு இடாமல் விளைச்சல் இல்லை. அதை ஏற்றிவரும் வண்டிகளோ வாயிலுக்கு வாயில் பணம் கட்ட வேண்டியிருந்தது. வீதிகளைப் பராமரித்த பொறுப்புச் சபைகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாயில்கள். வசூல் உரிமை குத்தகைக்கு விடப்பட்டதால் குத்தகைக்காரர் ஒரு சதத்தையும் விடவில்லை. 1839 மே மாதம் எவைல்வென் வாயில் முதலில் வீழ்ந்தது. 1842 இன் இறுதியில் கலகம் மீண்டும் மூண்டது.

உள்துறை அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரஹாம் குதிரைப்படையையும் இலண்டன் பொலிசாரையும் அனுப்பினார். படை ஓரிடம் விரைந்தால் மற்றோரிடத்தில் வாயில் விழுந்தது. வெகுமதி அறிவித்தும் ஊரார் வாய் திறக்கவில்லை. 1843 செப்டெம்பரில் பொன்டர்டுலைஸில் பிடிபட்ட ஜோன் ஹியூஸ் என்ற இளைஞருக்கு 20 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது.

அவர் பிடிபட்டு மூன்று நாட்களில், ஹெண்டி வாயிலைக் காத்த முதியவளான சாரா வில்லியம்ஸ் சுடப்பட்டு இறந்தாள். மரணத்துக்கான காரணம் தெரியாது என்றது விசாரணை ஜூரி! பெண்ணுடை அணிந்து நீதி கேட்டவர்கள் மீது எனக்கிருந்த பரிவு இவ்விடத்தில் தடுமாறுகிறது.

இதற்கிடையே "த டைம்ஸ்" பத்திரிகையின் நிருபர் தோமஸ் கம்பல் ஃபொஸ்டர் விவசாயிகளின் குறைகளை விரிவாக எழுதினார். அரசும் 1843 ஒக்டோபரில் ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. அது ஊரூராகச் சென்று சாட்சியம் கேட்டது. ஆயிரக்கணக்கில் படையை அனுப்பியதைவிட இவ்விசாரணையே புத்திசாலித்தனமான செயல் என்பேன். ஆனால் வாயில்கள் உடைபடும் வரை அக்குறைகளைக் கேட்க எவரும் வரவில்லை.

1844 இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிப் பொறுப்புச் சபைகளைக் கலைத்து, மாவட்ட வீதிச் சபைகளின் கீழ் கொணர்ந்தது. சுங்கம் ஒழியவில்லை. வாயில்களுக்கு இடையிலான தூரம் கூடியது. சுண்ணாம்பு வண்டிக்கான கட்டணம் பாதியானது.