ஐந்து வெள்ளியில் ஒரு வழக்கு

ஜோகூர் பாருவில் பல கடைகளின் கல்லா அருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் அதையே சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். நாம் வெளிநாட்டுக்காரர், பெர்மிட்டில் இருக்கிறோம், எதற்கு வம்பு என்று பழுதான கைப்பேசியோடு திரும்பிப் போகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு, அச்சமும் தேவையில்லாதது.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றும் செய்ய முடியாது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு உதவ வேண்டும். கடைக்காரர் எழுதிக் கொடுக்காவிட்டாலும் இந்த உத்தரவாதத்தைச் சட்டமே தருகிறது. சேவைக்கும் அப்படித்தான். ஏர்கோன் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டவர் நியாயமான கவனத்தோடு, நியாயமான காலத்துக்குள் வேலையை முடித்துத் தர வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் மலிவு என்பதற்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அந்த இடத்தில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. பயனீட்டாளர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது? சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ பொருளும் சேவையும் பெறுகிறவரை. அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று அது கேட்கவில்லை.

மாசாயில் ஒருவர் 900 வெள்ளிக்குக் கைப்பேசி வாங்குகிறார், இரண்டே வாரத்தில் திரை அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் போய்க் கேட்டால் “நாளைக்கு வாங்க”. மறுநாள் போனால் “முதலாளி இல்லை”. இப்படி அலையும்போது பலரும் குரலை உயர்த்துகிறார்கள். அதனால் எதுவும் நடப்பதில்லை. பழுது என்ன, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்ன “நாளைக்கு” காற்றோடு போய்விடும். எழுதிக் கேட்டதற்கு வந்த பதில் சாட்சியாகும், பதிலே வராவிட்டால் அதுவும் சாட்சிதான்.

ரசீதையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். வெயில் பட்டால், பர்ஸில் கிடந்தால், அந்த வழவழப்பான தாளில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிடுவது நல்லது. தாளின் உச்சியில் பொடி எழுத்தில் ஒரு நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். பெயர்ப்பலகையில் உள்ள கடைப் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். வழக்குப் போடும்போது தேவைப்படுவது அந்தப் பொடி எழுத்துப் பெயர்தான்.

வழக்கு என்றதும் வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், மலாயில் சொன்னால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், புகார்க் கட்டணம் ஐந்து வெள்ளி. ஜோகூர் பாருவிலும் அதற்கு அலுவலகம் உண்டு, இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை விசாரிக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. 2019க்கு முன் இந்த வரம்பு 25,000தான். இரு தரப்புக்கும் வக்கீல் வைக்க அனுமதியில்லை. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். ஏழைத் தொழிலாளிக்கு இதைவிடச் சமமான மேடை எளிதில் கிடைக்காது. பிரச்சினை எழுந்து மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். மலாய் சரளமாக வராதவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துப் படிவத்தை நிரப்புவது நல்லது. மருத்துவச் சிகிச்சை, நிலம் வாங்கிய தகராறு போன்றவை இங்கே வராது.

உடற்பயிற்சி நிலையம், அழகு நிலையம் போன்றவற்றில் ஓராண்டுத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டுத் தவிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இனி வரப்போகும் சேவைக்கான ஒப்பந்தத்தை நடுவில் ரத்து செய்யலாம். முழுத் தொகையில் ஐந்து விழுக்காட்டுக்கு மிகாத கட்டணம், பெற்ற பொருளின் விலை, அதுவரை அனுபவித்த சேவையின் மதிப்பு ஆகியவற்றைத்தான் நிறுவனம் பிடித்துக்கொள்ள முடியும்.

உண்மையான கஷ்டம் நேரம்தான். 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் திரும்புகிற குடும்பங்கள் அந்த ஞாயிறில்தான் தங்கள் காரியங்களை முடித்தன. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறாகிவிட்டது. அலுவலக வேலைக்கு இனி ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் இணையத்தில் செய்ய முடிந்ததையெல்லாம் அங்கேயே முடித்துவிட்டு, விசாரணை நாளுக்கு மட்டும் விடுப்பு எடுங்கள். அன்று நீங்கள் போகாவிட்டால் புகார் தள்ளுபடியாகக்கூடும். கடைக்காரர் வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு வரலாம். பொருளைச் சிங்கப்பூரில் வாங்கியிருந்தால் வழக்கை அங்குள்ள சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் தொடுக்க வேண்டும்.

கடை விஷயம் வேறு, மோசடி வேறு. வங்கிக் கணக்கிலிருந்து ஏமாற்றிப் பணம் எடுக்கப்பட்டால் புகார் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறும் முன் தடுக்க அதுதான் வழி.

மறுபடி கடை விஷயத்துக்கு வருவோம். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால், 14 நாளுக்குள் அதை நிறைவேற்றாதது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. தீர்ப்பின் நகலோடு தீர்ப்பாய அலுவலகத்துக்கே திரும்பப் போய்ப் புகார் கொடுங்கள்.