பழைய கியர் சைக்கிளைத் தூக்கிப் போடலாமா?

ஜூரோங் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பறவைப் பூங்காதான். 1971-ல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா 2023-ல் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் ஜூரோங்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பிள்ளைகளின் கியர் சைக்கிளில், பின்சக்கரத்தின் பக்கத்தில் ‘ஷிமானோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் சக்காய் நகரில் 1921-ல் தொடங்கிய நிறுவனம் அது. சக்காய், கத்தியும் வாளும் அடிக்கும் கொல்லர்களுக்குப் பெயர் போன ஊர். அந்த நிறுவனம் கடல் கடந்து தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது 1973-ல், ஜூரோங்கில்தான்!

1961-ல் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, “இது நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை” என்று கேலி பேசியவர்கள் உண்டு. இன்று ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் இளைஞர்கள் எத்தனை பேர்! மயிரிழை பிசகாமல் இயந்திரப் பாகங்களைச் செய்யும் கைகள் நம் கைகள். ஆனால், வீட்டுச் சைக்கிளின் கியர் மக்கர் செய்தால் மட்டும் பழைய இரும்புக்காரனைத் தேடுகிறோம்.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தகப்பனார் ஜூரோங்கில் வேலை செய்கிறார். உடன் வேலை செய்தவர் கொடுத்த பழைய ‘மவுண்டன் பைக்’ ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக 21 கியர். ஆறாம் ஆண்டை முடிக்கும் மகன் அடுத்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் செலவை மிச்சப்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மேட்டில் மிதித்தால் செயின் ‘டக் டக்’ என்று குதித்தது. கியரும் சொன்னபடி விழவில்லை. “வாத்தியாரே, இரும்புக்குப் போட்டுவிடவா?” என்று கேட்டார். வேண்டாம், முதலில் நோயைக் கண்டுபிடிப்போம் என்றேன். அன்று செய்த வேலையையே இங்கே வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

கியர் எப்படி மாறுகிறது?

கைப்பிடியில் உள்ள விசையைத் தட்டினால், மெல்லிய எஃகுக் கேபிள் இழுபடுகிறது. அது பின்சக்கரத்தின் கீழே தொங்கும் கியர் மாற்றியை நகர்த்துகிறது. கடைக்காரர்கள் அதை ‘ஆர்.டி.’ என்பார்கள். அது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான்!

முற்காலத்தில் விசைக்குக் ‘கிளிக்’ கிடையாது. ஓட்டுபவர் காதால் கேட்டு, கையால் உணர்ந்து சரியான இடத்தில் நிறுத்துவார். 1984-ல் ஷிமானோ தன் பந்தய சைக்கிள் பாகங்களில் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது மவுண்டன் பைக்குக்கும் பரவியது. ஏழு பல்சக்கர சைக்கிளில் ஒரு கிளிக் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கேபிளை இழுக்கும். கியர் மாற்றி 5 மில்லிமீட்டர் நகரும். கேபிள் துருப்பிடித்து ஒரு மில்லிமீட்டர் தயங்கினாலும் கணக்குத் தவறிவிடும். கியர்ச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன.

முதலில் செயினை அளந்து பாருங்கள்

மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு செயினைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு அடிக்கோலை எடுங்கள். செயினில் அடுத்தடுத்த ஆணிகளுக்கு இடையே அரை அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் வரவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது குதிக்கத்தான் செய்யும். செயினை உரிய காலத்தில் மாற்றினால், விலை கூடிய பல்சக்கரங்கள் தப்பிக்கும்.

அடுத்தது கேபிள்

நம்மூர் மழைக்கும் ஈரத்துக்கும் கேபிள்தான் முதல் பலி. கேபிளைக் கழற்றி உறைக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும், சொரசொரவென்றிருந்தால் கேபிள், உறை இரண்டையும் மாற்றுங்கள். சைக்கிள் பாகங்களில் மிக மலிவானவற்றுள் இது ஒன்று.

ஓர் எச்சரிக்கை: கியர் உறையும் பிரேக் உறையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிரேக் உறையின் உள்ளே கம்பி சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் கிளிக் சரியாக விழாது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டாலோ, அழுத்திப் பிடிக்கும் வேகத்தில் பிளந்துகொள்ளலாம். உயிருக்கே ஆபத்து!

கியர் மாற்றி நேராக இருக்கிறதா?

சைக்கிளின் பின்னால் குனிந்து நின்று பாருங்கள். கியர் மாற்றியில் உள்ள இரண்டு சிறு பல்சக்கரங்களும், மேலே உள்ள பல்சக்கரங்களைப் போலவே செங்குத்தாக நிற்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், கியர் மாற்றியைத் தாங்கும் ‘ஹேங்கர்’ என்ற துண்டு உள்ளே வளைந்திருக்கும். எஃகுச் சட்டமானால் கடையில் உரிய கருவியால் நிமிர்த்திவிடுவார்கள். அலுமினியத்தில் இது பெரும்பாலும் தனித் துண்டாக இருக்கும். அதை மட்டும் மாற்றலாம். இது வளைந்திருக்கும்வரை வேறெதைத் திருகினாலும் பயனில்லை.

கடைசியில்தான் திருகாணி

நம்மில் பலர் முதலில் செய்வது இதைத்தான். கியர் மாற்றியில் இரண்டு சிறு திருகாணிகள் உண்டு. பக்கத்தில் ‘எச்’, ‘எல்’ என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘எச்’, செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். ‘எல்’, மிகப் பெரியதைத் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் போகாமல் தடுக்கும். ‘எல்’ தளர்ந்திருந்தால் மேடேறும்போது பின்சக்கரம் சிக்கி நின்றுவிடக்கூடும். ஆகவே, கவனம் தேவை.

எல்லைகள் சரியானபின், கேபிள் கியர் மாற்றிக்குள் நுழையுமிடத்தில் உள்ள சிறு உருளையைத் தொடுங்கள். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், உருளை சற்று வெளியே வரும்படி திருகுங்கள், கேபிள் இறுகும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால், உள்ளே போகும்படி திருகுங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

புதிய பாகங்கள் போடலாமா?

போடலாம், ஆனால் தேவையைக் கேட்டுப் போடுங்கள். ஜூரோங் ஏரிப் பூங்காப் பக்கம் ஓட்டுபவருக்குச் சமதரைதான். இரண்டு மூன்று பல்சக்கரங்களையே அவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார். அவை தேய்ந்தால் மாற்றினால் போதும். தோட்டத்து மேட்டில் ஓட்டும் பிள்ளைக்கோ இலேசான கியர் தேவை. முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. பின்னால் 34 பல் வைத்தால், சக்கரம் முக்கால் சுற்றுக்குச் சற்று மேல்தான் சுற்றும். கால் வலி குறையும். ஆனால் உங்கள் கியர் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயினும் நீளமாக வேண்டியிருக்கும்.

பின்பக்கம் இருப்பது சக்கரத்தின் நடுவில் மரைபோட்டு முடுக்கும் ‘ஃப்ரீவீல்’ஆ, வரிப்பள்ளங்களில் செருகும் ‘கேசட்’ஆ என்றும் கடைக்காரரிடம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது. ஆறு, ஏழு, எட்டுப் பல்சக்கரங்களுக்குச் செயின் ஒரே அகலம், ஒன்பதுக்கு மெல்லியது. ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவ ஆசைப்பட்டால் விசை, செயின், பல்சக்கரம் எல்லாம் மாற்ற வேண்டும், பெரும்பாலும் பின்சக்கரமும்கூட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். கிளிக் விசை உடைந்துவிட்டால் கிளிக் இல்லாத பழைய மாதிரி விசையைப் போடுங்கள். அதற்குப் பல்சக்கரத்தின் எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல.

அந்த மாணவனின் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? செயின் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தது, கேபிள் துருவேறியிருந்தது. இரண்டையும் மாற்றினோம். பல்சக்கரங்களைத் தொடவே இல்லை. திருகாணிகளைப் பையனே திருகினான். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தார்.

உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஓர் அடிக்கோலோடு அதன் முன் உட்காருங்கள்.