மறுக்கப்படாத கருதுகோள் நிறுவப்பட்டதாகுமா?

மாணவர்தம் ஆய்வேடுகளை மதிப்பிடுங்கால், 'இன்மைக் கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்னும் தொடரை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஒரே வகுப்பைச் சேர்ந்த சில மாணவரைக் கொண்டு நிகழ்த்தப்பெறும் மொழி கற்பித்தல் ஆய்வுகளில், நல்லதொரு பயிற்று முறை பயனற்றதென ஒதுக்கப்பட இத்தொடர் காரணமாகிவிடக்கூடும். முழுமைத்தொகுதியின் சராசரி பற்றிய கருதுகோள் சோதனை உண்மையில் எதனைக் கூறுகிறது என்பதை ஒரு பழைய தரவின்வழி இங்கு விளக்க முற்படுகிறோம்.

சிறு மாதிரிகளுக்குரிய இச்சோதனைக்கு வித்திட்டவர், டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி கோசெட். இவர்தம் கட்டுரை 1908இல் 'பயோமெட்ரிக்கா' ஆய்விதழில் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் வெளிவந்தது. (மாணவர் எனப் பொருள்படும் இப்பெயர் ஆசிரியர்களாகிய நமக்கு உவப்பளிப்பதே.) கஷ்னி, பீபிள்ஸ் ஆகியோர் 1905இல் வெளியிட்ட உறக்க மருந்துத் தரவை அவர் எடுத்துக்காட்டாகக் கையாண்டார்.

முதல் மருந்தை உட்கொண்ட பத்து நோயாளிகள் கூடுதலாக உறங்கிய நேரத்தின் சராசரி 0.75 மணி. ஆயினும், நால்வர் முன்னினும் குறைவாகவே உறங்கினர், ஒருவர் 3.7 மணி மிகுதியாக உறங்கினார். 'மருந்தால் விளையும் சராசரி மாற்றம் சுழியம்' என்பது இன்மைக் கருதுகோள். 'சுழியம் அன்று' என்பது மாற்றுக் கருதுகோள். திட்டவிலக்கமாகிய 1.79ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் திட்டப்பிழை 0.57. சராசரியைத் திட்டப்பிழையால் வகுக்க டி-மதிப்பு 1.33 ஆகிறது. ஒன்பது கட்டின்மைப் படிகளுக்கு, 5 விழுக்காட்டு நிலையில், இருபுறச் சோதனையின் எல்லை மதிப்பு 2.262. நாம் பெற்றது அதனினும் குறைவு. ஆதலின் இன்மைக் கருதுகோளை மறுக்க இயலவில்லை.

எனில், மருந்து பயனற்றது என நிறுவப்பட்டதா? இல்லை. இத்தரவின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி -0.53 மணி முதல் 2.03 மணி வரை விரிகிறது. விளைவே இல்லை என்பதோடு இத்தரவு முரண்படவில்லை. இரண்டு மணி நேர உறக்கம் கூடும் என்பதோடும் முரண்படவில்லை. பத்துப் பேரைக் கொண்டு இதற்குமேல் அறிய வழியில்லை. மாதிரி சிறிதாயின், உண்மையான விளைவும் சோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும். 'மறுக்கப் போதிய சான்று கிட்டவில்லை' என எழுதி, நம்பிக்கை இடைவெளியையும் உடன் தருவதே முறை.

அதே நோயாளிகளுக்கு அளிக்கப்பெற்ற இரண்டாம் மருந்தின் சராசரி 2.33 மணி, டி-மதிப்பு 3.68. இங்கு இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. ஒரு சோதனையில் மறுப்பும் மற்றொன்றில் மறுப்பின்மையும் கிடைத்தமையாலேயே இரு மருந்துகளும் வேறுபடுவன என முடிவுகட்டலாகாது. இரு பயிற்று முறைகளை ஒப்பிடுவோர் பலரும் வழுக்கும் இடம் இதுவே. ஒவ்வொரு நோயாளியிடத்தும் இரு மருந்துகளுக்கிடையே காணும் வேறுபாட்டைக் கணக்கிட்டு, அவ்வேறுபாடுகளின் சராசரியைச் சுழியத்தோடு ஒப்பிடல் வேண்டும். அச்சராசரி 1.58 மணி, டி-மதிப்பு 4.06.